காப்பித்தூள், கிரசின், கற்பூரம்

மகள் வளர்க்கும் நாய் காதோரம் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டிருந்தது. ஈ மொய்க்க ஆரம்பித்ததும் மருந்து வாங்க ராணிப்பேட்டையில் ஒரு கால்நடை மருந்துக் கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒரு ஸ்பிரே பாட்டிலை எடுத்து, அடைப்பில்லாமல் வருகிறதா என்று பார்க்கக் காற்றில் ஒரு முறை அடித்துக் காட்டினான். வேப்பெண்ணெய், கற்பூரம், டர்பன்டைன் எல்லாம் கலந்த நெடி. "இன்னா சார், அலர்ஜியா?" என்று அவன் கேட்கும் வரை நான் அப்படியே நின்றிருக்கிறேன்.

அது எங்கள் பழைய வீட்டு நெடி. சோளிங்கர் பெரிய மலை அடிவாரத்தில், கொண்டபாளையத்தில், எங்களுக்குப் பூசைச் சாமான் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடும்பம். தேங்காய், துளசி மாலை, கற்பூரம், வெற்றிலை பாக்கு. கற்பூரம் தகர டப்பாவில் வரும். உடைந்த தூளை அம்மா தனியாக ஒரு ஆர்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். சாமிக்கு உடைசல் கொடுக்கக் கூடாதாம். அந்த உடைசல் முழுக்க நாய்க்கும் ஆட்டுக்கும்தான் போய்ச் சேர்ந்தது.

எங்கள் நாயின் பெயர் ஜிம்மி. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கி. வளர்த்தோம் என்றால் இன்றைய அர்த்தத்தில் அல்ல. கழுத்துப் பட்டை கிடையாது, சங்கிலி கிடையாது, ஊசி கிடையாது. மிச்சச் சோறும் கடை வாசலும் அதனுடையவை, அவ்வளவுதான். காலையில் முதல் கூட்டம் படியேறும்போது தானும் கூட ஏறும். பெரிய மலைக்கு 1305 படி. வழி நெடுகக் குரங்குகள். கையில் குச்சி இல்லாமல் தேங்காய்ப் பையோடு ஏறுகிறவர்கள் பாதி வழியிலேயே பையைப் பறிகொடுப்பார்கள். நாய் கூட வந்தால் குரங்கு கொஞ்சம் தள்ளி நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட வெளியூர்க்காரர்கள் ஜிம்மிக்கு ஒரு பன் வாங்கிப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். மேலே யோக நரசிம்மர் கார்த்திகை மாதத்தில் கண் திறந்து பார்ப்பதாக ஐதீகம். அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆந்திரா பக்கத்துச் சனமும் சேர்ந்துகொள்ள, படியில் கால் வைக்க இடமிருக்காது. ஜிம்மிக்கும் அன்றைக்குப் பன்னுக்குக் குறைவிருக்காது.

அப்படி ஒரு கார்த்திகை ஞாயிறுதான், ஏறின வேகத்தில் ஜிம்மி இறங்கி வந்தது. பின்னங்கால் தொடையில் தோல் கிழிந்து, அஞ்சல் உறையின் மடிப்பு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. கடுவன் குரங்கின் கோரைப்பல் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. படியெல்லாம் ரத்தச் சொட்டு. கடை வாசலில் வந்து சுருண்டு படுத்தது. அம்மா கிட்டே போனதும் உறுமியது. அம்மாவைப் பார்த்து அது உறுமி அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

கூட்டம் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்து டீக்கடையிலிருந்து ஒருவர் காப்பித்தூள் கொண்டுவந்தார். "அப்பிடியே அள்ளி அமுக்குங்க, ரத்தம் நின்னுடும்." இன்னொருவர் அரிக்கேன் விளக்கிலிருந்து கிரசின் எடுக்கப் போனார். பூக்கட்டும் ஆயா மஞ்சள்தூள் என்றாள். ஒருவர் பீடியைப் பிரித்துப் புகையிலையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டிருந்தார். கல்லுப்பு வைத்துக் கட்டினால் சீழ் பிடிக்காது என்று ஒரு கட்சி. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. எல்லாரும் அவரவர் வீட்டில் கைகண்டதைத்தான் சொன்னார்கள். நைனா எதைச் செய்வது என்று புரியாமல் எல்லாவற்றையும் வாங்கி வாங்கிக் கடைப் பலகை மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஷாப்பு மாமா வந்தார்.

இந்தப் பக்கத்தில் தோல் ஷாப்பு என்றால் தோல் பதனிடும் இடம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகப் பரவிய தொழில். மாமா விடியற்காலை பஸ் பிடித்து ராணிப்பேட்டைக்குப் போய், இருட்டின பிறகு திரும்புவார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசிப்பார்கள். சட்டை துவைத்தாலும் அந்த வாடை போகாது. பதனிடுவதில் எல்லா வேலையும் பார்த்தவர். ஊறப்போடுவது, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் நீக்குவது, உட்பக்கத்துக் கொழுப்பைச் சீவுவது, கடைசியில் வெளிச்சத்தில் பிடித்து ரகம் பிரிப்பது. ரகம் பிரிக்கிறவருக்குக் காயம்தான் கணக்கு. உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, அம்மைக் குழி எல்லாம் பதனிட்ட பிறகு பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும். செத்துப்போன ஆட்டின் தோலைப் பார்த்து, அது உயிரோடு இருந்தபோது எந்தக் காயம் நன்றாக ஆறியது, எது சீழ் வைத்து ஆறியது என்று சொல்லிவிடுவார். கால்நடைப் படிப்பு படிக்காமலே அவருக்கு அந்த ஞானம் இருந்தது.

வந்தவர் முதலில் நாயைப் பார்க்கவில்லை. பலகை மேலிருந்த காப்பித்தூளையும் உப்பையும் பார்த்தார்.

"இதெல்லாம் யார்டா கேட்டது? உப்பு செத்த தோலுக்குடா. உயிரோட கீறதுக்கு இல்ல. எடு அப்பால."

பிறகு கூட்டத்தை விலக்கினார். "சுத்தி நின்னா அதுக்குப் பயம் வராதா?" என்று கேட்டுவிட்டு, நைனாவின் பழைய வேட்டியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மேல் கிழித்தார். கிழித்த துண்டில் தளர்வாக ஒரு சுருக்குப் போட்டுக்கொண்டு, நாயின் முகத்துக்கு நேரே போகாமல் பக்கவாட்டில் தாழ்ந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே சுருக்கை மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் மாட்டி இறுக்கினார். இரண்டு முனையையும் தாடைக்குக் கீழே குறுக்கே கொண்டுபோய், காதுக்குப் பின்னால் பிடரியில் முடிந்தார். இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. எல்லாம் ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"வலி வந்தா பெத்தவளையும் கடிக்கும். அது மேல கோச்சிக்கக் கூடாது" என்றார் அம்மாவிடம். அம்மா அதுவரை அழவில்லை; அப்போதுதான் அழுதாள்.

வாய் கட்டிய பிறகு காயத்துக்கு வந்தார். வெந்நீர் காய்ச்சி ஆற வைக்கச் சொல்லியிருந்தார். சுத்தமான துணியை அதில் நனைத்து, தொங்கிய தோலை அதன் இடத்தில் படுக்க வைத்து, அதன் மேல் ஈரத் துணியைப் போட்டார். தோல் காய்ந்தால் சுருங்கிக்கொள்ளும், சுருங்கினால் ஒட்டாது, அதனால் டாக்டரிடம் போகிற வரை ஈரம் விடக் கூடாது என்றார். இதைத் தோல் ஷாப்புக்காரரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? அதன் மேல் இன்னொரு துணி மடித்து வைத்து, என் கையை எடுத்து அழுத்திப் பிடிக்க வைத்தார்.

"எடுத்து எடுத்துப் பாக்காத. பாத்தா நிக்காது. ரத்தம் ஊறி வந்தா இதும்மேல இன்னொண்ணு வெய்யி, அடித்துணிய உருவாத."

அந்த வயதில் ரத்தத்தைப் பார்க்காமல் இருப்பதைவிடப் பெரிய கஷ்டம் கிடையாது. அழுத்திக்கொண்டே இருந்தேன். துணிக்கு அடியில் தொடை துடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. முதலில் படபடவென்று, பிறகு கொஞ்சம் நிதானமாக.

மலையடியிலிருந்து டவுனுக்கு அப்போது ஜட்காதான். வண்டிக்காரர் முடியவே முடியாது என்றார்: நாய் வாடை பட்டால் குதிரை மிரளும், அதிலும் ரத்த வாடை. கடைசியில் தேங்காய் வந்த கோணிப்பையை விரித்து, அதன் மேல் நாயை நகர்த்தி, நான்கு மூலையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி, வண்டியின் பின்பக்கத்தில் வைத்தோம். குதிரை ஒன்றும் மிரளவில்லை. வண்டிக்காரர்தான் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாட்டாஸ்பத்திரி பெயருக்கேற்ற மாதிரி மாட்டுக்காகக் கட்டியது. வாசலில் மாட்டை நிறுத்திக் கட்டும் கம்பித் தடுப்பு. நாய்க்கென்று மேசை கிடையாது. சினை ஊசிக்கு வந்த பசுக்களும் குடற்புழு மருந்துக்கு வந்த ஆடுகளும் வரிசையில் நின்றன. "நாய்க்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று ஒருவர் சத்தமாகவே சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. வராண்டாவிலேயே கோணிப்பை மேல் வைத்துக் காயத்தைப் பார்த்தவர், "தூள் எதுவும் போடாம கொண்டாந்தீங்களே, அதுவே போதும்" என்றார். காப்பித்தூள் அப்பிய காயம் வந்தால் ஒவ்வொரு துணுக்காகக் கழுவி எடுப்பதற்கே பாதி நேரம் போய்விடுமாம். தூளால் ரத்தம் நிற்பதும் இல்லையாம்; அழுத்திய கைக்குத்தான் நிற்கிறது, பேர் தூளுக்குப் போகிறது.

உப்பு விஷயத்தில் மட்டும் டாக்டர் மாமாவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. கல்லுப்பை அள்ளி வைப்பது தப்பு. ஆனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம், சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு போட்டால் அது உடம்பின் உப்பளவுக்குச் சமம், காயம் கழுவ அதைவிட நல்லது இல்லை என்றார். மாமாவிடம் இதைப் போய்ச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. தையல் போட்டபோதும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் திறந்தே விட்டார் டாக்டர். கடிக்காயத்தை முழுக்க மூடித் தைத்தால் உள்ளே போன அழுக்கு வெளியே வர வழியில்லாமல் சீழ் கட்டும்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது அவர் கேட்ட கேள்விதான் வீட்டையே கலக்கியது. "அதன் வாயில, எச்சில்ல யாராவது கை வெச்சீங்களா? நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கீங்களா?" போடவில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டு நாய்க்கும் போட்டதில்லை. வெறிநோய் என்றால் நாய்தான் ஞாபகத்துக்கு வரும். குரங்கு கடித்தாலும் அது வரலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. எங்கள் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார். ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம். கடிபட்ட இடத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுவது என்று இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையேதான். எவ்வளவு சாதாரணக் காரியம்! ஆனால் எங்கள் ஊரில் அப்போது நாய் கடித்தால் சுண்ணாம்பு வைப்பார்கள், மிளகாய் அரைத்து வைப்பார்கள், மந்திரிக்கப் போவார்கள். கழுவ மட்டும் மாட்டார்கள்.

ஊசி என்ற சொல்லுக்கே எங்கள் தெருவில் நடுக்கம் இருந்தது. நாய் கடித்த ஒரு பையனுக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டதை எல்லாரும் பார்த்திருந்தோம். தினம் காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அழுகை தெருக்கோடி வரை கேட்கும். டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் 1911-இல் கசௌலியில் உருவாக்கிய முறை அது. வெறிநோய்க் கிருமியைச் செம்மறி ஆட்டின் மூளையில் வளர்த்து, கொன்று, ஊசி மருந்தாக்குவது. நம் பக்கத்துக்கு அது 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்தது. 2004 முடியும்போது அந்த மருந்தையே இந்தியா கைவிட்டுவிட்டது. இப்போது கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் நாய் கடித்தவர்கள் இன்றும் முதலில் தொட்டுப் பார்ப்பது வயிற்றைத்தான்.

ஜிம்மியின் தையல் பிரித்த பிறகு, ஆறிவரும் ஓரத்தில் ஈ உட்கார்ந்து புழு வைத்துவிட்டது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் காலத்தில் தெருநாய்களுக்கு வரும் பெரிய சாவு இதுதான். வண்டி அடித்துச் செத்ததைவிடப் புழு வைத்துச் செத்த நாய்களை அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கேதான் அம்மாவின் ஆர்லிக்ஸ் பாட்டில் வந்தது. வேப்பெண்ணெயைச் சூடு காட்டி, கற்பூரத் தூளைப் போட்டுக் கரைத்து, ஆறியதும் பஞ்சில் தோய்த்துப் புண் வாயில் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பவை மூச்சு முட்டி மேலே வரும். வெள்ளையாக, அரிசி நீளத்தில், முனை கறுத்து. அவற்றை ஒவ்வொன்றாக முள்வாங்கியால் எடுத்து ஒரு கொட்டாங்கச்சியில் போடுவது என் வேலை. எடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போது ஆழத்தில் இன்னொன்று நெளியும். அம்மா டார்ச்சு அடித்துக் காட்டிக்கொண்டே, "அதோ பாரு, அதோ" என்பாள். மலைச்சரிவில் சீத்தாப்பழ மரங்கள் நிறைய. அந்த இலையை அரைத்து வைத்தாலும் புழு வரும் என்று ஆடு மேய்ப்பவர்கள் சொல்வார்கள், அதையும் செய்திருக்கிறோம். டர்பன்டைன் பின்னால் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொல்லிக்கொடுத்தது. அதை நேரே ஊற்றினால் சதை வெந்துவிடும், பஞ்சில் சொட்டுத்தான் என்பார்.

இரவில் ஜிம்மி அந்த எண்ணெயை நக்கிவிடாமல் இருக்க, கழுத்தைச் சுற்றி ஒரு பழைய தாம்பாள அட்டையை வெட்டி மாட்டினோம். இப்போது பிளாஸ்டிக்கில் கூம்பு விற்கிறார்கள், இருநூறு முந்நூறு ரூபாய்க்கு.

எலும்பு விஷயம் தனிக் கதை. சோளிங்கரில் யாருக்குக் கை கால் ஒடிந்தாலும் முதலில் புத்தூர். திருத்தணி, நகரி தாண்டினால் வந்துவிடும். 1881-இல் கேசவ ராஜு என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் கட்டு வைத்தியம். வேட்டையாடின முயலை ஏதோ தழையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்தபோது அதன் ஒடிந்த எலும்பு கூடியிருந்ததாம், அந்தத் தழையைத் தேடிப் பிடித்ததில் பிறந்ததாம் வைத்தியம். மனிதனுக்கு வருமுன் ஒரு முயலுக்கு நடந்த முதலுதவி என்று இதை வைத்துக்கொள்ளலாம், முயல் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது என்பதைக் கண்டுகொள்ளாவிட்டால். நைனா தேங்காய் மூட்டையோடு விழுந்து மணிக்கட்டு ஒடிந்தபோது நானும் கூடப் போயிருக்கிறேன். அரைத்த பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி. கட்டி முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, பஸ் ஏறி முன்னங்கால் ஒடிந்த ஒரு தெருக்குட்டிக்கு நைனா தானே கட்டுப் போட்டார். ஊதுவத்தி மூங்கில் மெல்லியது என்று, கூடை முடைகிற வீட்டில் சிம்பு வாங்கிவந்து சீவினார். கால் கூடிவிட்டது. கொஞ்சம் கோணலாக. அது ஓடும்போது ஒரு பக்கம் வெட்டி வெட்டி ஓடும். பெயரே வெட்டுக்காலன் என்றாகிவிட்டது. ஒடிந்த இடத்தை மட்டும் கட்டினால் போதாது, அதற்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் இருக்க வேண்டும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் விளக்கினார். அது தெரியாவிட்டால் கட்டவே வேண்டாம். பலகையிலோ அட்டைப் பெட்டியிலோ படுக்க வைத்து ஆடாமல் கொண்டுவந்தாலே பெரிய உதவி என்றார். வெட்டுக்காலன் இதையெல்லாம் பொருட்படுத்தாமல் நெடுநாள் இருந்தது.

இவ்வளவுக்கும் கால்நடை மருத்துவத்துக்கு நாங்கள் ஒன்றும் தூரத்தில் இல்லை. ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. அடைப்பானுக்கும் கோழிக் கழிச்சலுக்கும் ஊசி மருந்து அங்கே தயாராகி ஊர் ஊராகப் போகும். நாங்கள் பஸ்ஸில் அதன் மதிற்சுவரைத் தாண்டிப் போவோம். மாடும் கோழியும் பிழைப்பு. அவற்றுக்கு மருந்து உண்டு. நாய் பிழைப்பில் சேர்த்தி இல்லை. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்க்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்று யாரோ சொன்னபோது, பணக்காரர்கள் கதை என்று கேட்டுக்கொண்டோம்.

இன்று என் மகளிடம் முதலுதவிப் பெட்டி இருக்கிறது. வட்டமுனைக் கத்தரி, சுருள் துணி, உப்புநீர்ப் பாட்டில், வெப்பமானி. நாயின் சாதாரண உடம்புச் சூடு 101, 102 டிகிரி என்று அவள் சொன்ன பிறகுதான், ஜிம்மியைத் தொட்டுத் தொட்டு "ஜுரம் அடிக்குது" என்று நாங்கள் அலறியதெல்லாம் வீண் என்று புரிந்தது. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுவாள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவந்தால் ரத்த ஓட்டம் சரி, வெளுப்பாகவே நின்றால் உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம், உடனே கிளம்பு. வாய் கட்டுவதை அவள் வீடியோவில் கற்றுக்கொண்டாள். பார்த்தேன்: மூக்குக்கு மேல் சுருக்கு, தாடைக்குக் கீழே குறுக்கு, பிடரியில் முடிச்சு. ஷாப்பு மாமாவின் கட்டேதான். ஒன்று மட்டும் புதிது: வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற நாய்க்கு வாய் கட்டவே கூடாது.

மனித மாத்திரை விஷயத்தில்தான் அவள் கண்டிப்பு அதிகம். பக்கத்து வீட்டம்மா தன் பூனைக்கு ஜுரம் என்று பாராசிட்டமாலை உடைத்துப் பாலில் கலக்கப் போனபோது, கிண்ணத்தையே பிடுங்கிவிட்டாள். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி இல்லை. அரை மாத்திரையே உயிரை வாங்கிவிடும். அந்தம்மா ஒரு வாரம் இவளோடு பேசவில்லை. பூனை பேசியது.

சோளிங்கரும் மாறிவிட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் வட ஆற்காடு, வேலூர் என்று மாறி, 2019 முதல் ராணிப்பேட்டை ஆகிவிட்டது. மலைக்கு 2024-இல் ரோப் கார் வந்தது. முட்டி வலிக்காரர்கள் தொட்டியில் உட்கார்ந்து மேலே போகிறார்கள். குரங்குகள் அதே படியில், அதே வேகத்தில். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ். ஷாப்பு மாமா காலமாகி நெடுநாளாகிறது.

போன கார்த்திகையில் குடும்பத்தோடு போயிருந்தபோது, அடிவாரத்தில் ஒரு குட்டி நாயை பைக் தட்டிவிட்டுப் போய்விட்டது. கூட்டம் சேர்ந்தது. காப்பித்தூள் இன்னும் வருகிறது. அதோடு செல்போனும் வருகிறது. ஒருவர் யூடியூபைப் பார்த்து மஞ்சளும் தேனும் என்றார். இன்னொருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். குட்டி மயங்கிக் கிடந்தது. ஒரு பெண்மணி பாட்டில் தண்ணீரை அதன் வாயில் ஊற்றப் போனார். மயங்கிய வாயில் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும் என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் துண்டைக் கழற்றிக்கொண்டு குனிவதற்குள், பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து, வாழைநாரையும் தாவணி முனையையும் தள்ளிவிட்டு, பையிலிருந்து ஒரு பருத்தித் துணியை எடுத்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "ஆட்டோவக் கூப்புடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கால்நடை ஆம்புலன்சுக்கான 1962-ஐ மகள் அழைத்தாள். வண்டி ஒரு கிராமத்தில் மாட்டுப் பிரசவத்தில் இருந்தது. வர நேரமாகும் என்றார்கள். ஆட்டோக்காரர் வந்தார், பார்த்தார், "சீட்டு போன மாசம்தான் மாத்தினேன்" என்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நேரே போய், மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒரு காதுகுத்து பேனரை அவிழ்த்து வந்தார். குழந்தையும் தாய்மாமன்களும் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பிளெக்சை நான்காக மடித்து, குட்டியை அதன் மேல் நகர்த்தி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தோம். பூக்காரப் பெண் துணியை அழுத்தியபடியே ஏறிக்கொண்டாள். பூக்கூடையைப் பார்த்துக்கொள்ளும்படி என் மனைவியிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள். மனைவி அன்று சாமி கும்பிடுவதற்கு முன் மூன்று முழம் மல்லிகை விற்றாள்.

மாட்டாஸ்பத்திரியில் இப்போது மேசை இருக்கிறதாம். பதிவேட்டில் உரிமையாளர் பெயர் கேட்டிருக்கிறார்கள். யாருமில்லை, தெருநாய் என்றிருக்கிறாள் பெண். ஏதாவது ஒரு பெயர் வேண்டும் என்று அவர்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டே நிற்க, ஆட்டோக்காரர் தன் பெயரையும் போன் நம்பரையும் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து கட்டு மாற்ற வரச்சொல்லி அவருக்குத்தான் போன். இப்போது அது ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறது. சவாரி இல்லாத மத்தியானங்களில் பின் சீட்டில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. சீட்டுக்கு அவர் தனி உறை தைத்துப் போட்டிருக்கிறார்.

பேனர் காணாமல் போனதற்கு காதுகுத்து வீட்டார் வந்து சண்டை போட்டார்களாம். அதற்கும் அவர்தான் பதில் சொன்னாராம்.